கசிந்தது

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின; கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வெளியேறியது. மூன்றுக்கும் பத்திரிகைத் தமிழுக்குக் கைவந்த வினை ஒன்றே: கசிந்தது.

கசிவதற்கு ஆள் வேண்டாம். பானை தானே கசியும். ‘கசியவிட்டார்கள்’ என்ற பிறவினையும் தமிழில் இருக்கிறது. தலையங்கம் எழுதுகிறவருக்கு அது கைக்கெட்டுவதில்லை. எனக்கும் எட்டவில்லை, மேலே மோதின, ஒதுங்கியது, படர்ந்தது, வெளியேறியது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

செயப்படுபொருளையே செய்ததாகச் சொல்வதைத் தொல்காப்பியம் வழக்கென்று ஏற்கிறது. ராயபுரத்தில் காலையில் ‘கடை திறந்துவிட்டது’ என்கிறோம். திறந்தவர் யாரென்பது தெருவுக்கே தெரியும், தெரிந்ததால் விட்டுவிடுகிறோம். தலையங்கத்தில் விடுபடுகிற எழுவாய் அப்படிப்பட்டதல்ல. வாசகன் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான்.

இன்னொரு வினை ‘அகற்றப்பட்டது’. 2017இல் மீனவர்களும் மாணவர்களும் கரையில் நின்று வாளிவாளியாக அள்ளினார்கள். 2023இல் மீனவர்கள் படகில் போய் அள்ளினார்கள். ‘எண்ணெய் அகற்றப்பட்டது’ என்று எழுதியதும் அந்தக் கைகள் மறைந்துவிடுகின்றன. தன்வினையில் கசியவிட்டவன் ஒளிந்துகொள்கிறான். செயப்பாட்டுவினையில் அள்ளியவன் காணாமல் போகிறான். குற்றத்துக்கும் உழைப்புக்கும் ஒரே மறைவு.

விசாரணை முடியுமுன் பெயர் சொல்வது அநியாயம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லலாம். அது நியாயம்தான். ‘யார் கசியவிட்டது என்று இன்னும் தெரியவில்லை’ என்று எழுதினால் அந்தக் கேள்வியாவது உயிரோடிருக்கும். அள்ளியவர்களைச் சொல்ல எந்த விசாரணை தேவை?

இதை எழுத எனக்கு அருகதை உண்டா என்று தெரியவில்லை. வங்கியில் நான் தட்டச்சு செய்யும் கடிதங்களில் ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்றொரு வாக்கியம் அடிக்கடி வரும். வலைக்குக் கடன் கேட்டிருந்த காசிமேட்டுக்காரர் ஒருவர் கடிதத்தை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, “யாரு சார் ஏத்துக்கல?” என்றார். மேனேஜர் அறையைப் பார்த்தேன். மேனேஜருக்கு மேலே வட்டார அலுவலகம். அதற்கும் மேலே விதிகள்.

அவர் கேட்டது எழுவாயை. அந்த வரிசையில் முதல் ஆள் நான் என்று அன்று சொல்ல என்னால் முடியவில்லை.