கடவுள் செயல் என்று யார் சொல்லலாம்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓர் ஏரிக்கரை உடைந்தால் "கடவுள் செயல், மனுஷன் என்ன செய்ய முடியும்?" என்கிறோம். கரை தாங்கிவிட்டாலும் கடவுள் செயல் என்றுதான் சொல்கிறோம். இரண்டும் பக்தியின் பேச்சாகவே காதில் விழுகின்றன. ஆனால் தாங்கிய கரைக்குக் கடவுளைச் சொல்பவர் தம் உழைப்பைச் சிறிதாக்கிக்கொள்கிறார், அது பணிவு. உடைந்த கரைக்குக் கடவுளைச் சொல்பவர் தம் பொறுப்பை அவர்மேல் இறக்கி வைக்கிறார். இந்த இரண்டாவது பேச்சைப் பேச யாருக்கு உரிமை உண்டு என்பதை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. கரைக்குக் காவல் இருந்தவருக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு என்பது என் துணிபு. மற்றவர் வாயில் அது கடவுள்மேல் சுமத்தும் பழி.

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதை ஊரறிந்தது. 1790களில் அந்தச் சீமையின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், அடிக்கடி உடையும் ஏரியை எண்ணிக் கவலைப்படுகிறார். தாயார் சன்னதி கட்டித் தரும்படி கேட்டவர்களிடம், இந்த வருஷம் உங்கள் தெய்வம் கரையைக் காக்கட்டும், கட்டித் தருகிறேன் என்கிறார். பேய்மழை பெய்யும் ஓர் இரவில் கரையைப் பார்க்கப் போகிறார். அங்கே வில்லேந்திய இருவர் காவல் நிற்கிறார்கள். கரை பிழைக்கிறது, ஜனகவல்லித் தாயாருக்குச் சன்னதி எழுகிறது. மனிதன் கைவிட்டதைத் தெய்வம் காத்தது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்குக் கதை வேறு மாதிரி கேட்கிறது. ராமன் மழையை நிறுத்தவில்லை, வெள்ளத்தை வற்றச் செய்யவில்லை. கரைமேல் நின்றான், ராக்காவலாளி செய்யும் வேலையைத் தானும் செய்தான். அந்தக் காட்சி கிடைத்ததும் வீட்டில் படுத்திருந்தவர்களுக்கு அல்ல, மழையில் நனைந்து கரைக்கு வந்த ஒருவருக்கு. அவரோ அந்தத் தெய்வத்தை வணங்கிப் பழகாதவர். கதையை வழிவழியாகச் சொல்லி வந்த மனங்கள், அருள் எங்கே இறங்கும் என்பதை நன்றாகவே அறிந்திருக்கின்றன.

காவல் என்ற சொல்லின் கனம் மண்கரையின் இயல்பு தெரிந்தால்தான் புரியும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை: பள்ளத்தின் குறுக்கே பிறை வடிவில் போட்ட ஒரு மண்கரை, ஒன்றிரண்டு மதகு, உபரி நீர் வழிய ஒரு கலிங்கு. சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து வைத்து, சம்பா அறுப்பு வரைக்கும் வயலுக்கும், கோடை வரைக்கும் கிணற்று ஊற்றுக்கும் ஆடுமாட்டுக்கும் கொடுப்பது அந்த மண்தான். கல்லால் கட்டிய அணைமேல் தண்ணீர் வழிந்தோடலாம். மண்கரைமேல் வழியக் கூடாது. ஓரிடத்தில் வழியத் தொடங்கினால் வெளிச்சரிவு அரித்துக்கொண்டே போகும், சில மணி நேரத்தில் கரை இரண்டாகும். இன்னொரு ஆபத்து உள்ளிருந்து வருவது. நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் மக்கிய வேர், மதகின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடுக்கு: இவற்றில் ஏதோ ஒன்று நீருக்கு வழிவிடுகிறது, கரையின் வெளி அடிவாரத்தில் ஈரம் தெரிகிறது. கசிவு தெளிந்த நீராக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கரை தன் மண்ணையே இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வாயைக் களிமண்ணால் அடைப்பதும் தவறு, அடைபட்ட நீர் பக்கத்தில் வேறு வாய் திறக்கும். மணலைப் பரப்பி, அதன்மேல் ஜல்லியைப் பரப்பி, நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். தெளிவா கலங்கலா என்பதை அங்கே குனிந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். பழமையும் கரைக்குக் காப்பாகாது. இலங்கையில் கந்தளாய்க் குளத்தின் கரை பழங்காலத்தது. 1986 ஏப்ரல் 20 விடியுமுன் அது உடைந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் எந்தக் கணக்கையும் மீறி மழை பெய்யலாம். அப்போதும் ஆளைத் தேடிக் குற்றம் சாட்டுவது கொடுமை அல்லவா? கொடுமைதான். இந்தக் கேள்வியே ஒருமுறை லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பெருமழையில் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதையின் பாலங்களைச் சேதப்படுத்தின. மதராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தாரிடம் நஷ்டஈடு கேட்டது. 1874-இல் வந்த தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சாதகமானது. மழையைக் காரணம் காட்டி மட்டும் அவர் தப்பவில்லை. அந்த ஏரிகள் பழமையானவை, குடிகளின் பிழைப்புக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பராமரிப்பது அவர் விருப்பம் அல்ல, கடமை. அந்தக் கடமையில் அவர் அசட்டையாக இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. இந்தத் தீர்ப்பில் இருக்கும் நீதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏரி வைத்திருப்பதே குற்றம் என்றால் தென்னாட்டில் யாரும் பயிர் செய்ய முடியாது. பராமரிக்காமல் வைத்திருப்பதோ வேறு விஷயம். மழைமேல் பழி போட ஒருவருக்கு உரிமை வருவது, அவர் தம் பங்கைச் செய்து முடித்த பிறகுதான்.

இதைவிடக் கடினமான இடம் கலிங்கு. பருவத்தின் கடைசி மழையில் கலிங்கு வழியும்போது, போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க விவசாயிக்கு மனம் வராது. கலிங்கின்மேல் நட்ட கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் ஒரு முழம் நீர் நிற்கும். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும். இதைப் பேராசை என்று சொல்ல நான் துணிய மாட்டேன், அந்த ஒரு தண்ணீரில் ஒரு குடும்பத்தின் வருஷம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு முழம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? மழை மீண்டும் வலுத்தால் கரை தப்புவதற்கென்று விட்டுவைத்த உயரத்திலிருந்து. லாபம் அந்த ஏரியின் ஆயக்கட்டுக்கு, ஆபத்து கீழே தூங்குகிறவர்களுக்கு. நம் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரத்து. மேலே உடைந்த கரை கீழே உள்ள கரைகளையும் இழுத்துக்கொண்டு போகும். தன் பயிருக்காகத் துணிவது ஒருவர் உரிமை. பிறர் உயிரை வைத்துத் துணிந்துவிட்டு அதற்குக் கடவுள் பெயரைச் சூட்ட எந்தச் சமயமும் இடம் தராது.

ஏரி இப்போது அரசுடையது, ஊருக்கு அதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். இந்தக் கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது. 1858-இல் மதராஸ் அரசு, கரை உடையும் ஆபத்து வந்தால் குடிகளைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கச் சட்டம் போட்டது. ஏரிமேல் உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரிடம் விட்டுவைத்தால் அது அறமாகாது, கட்டாய ஊழியம். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் பத்தாம் நூற்றாண்டின் ஏரி வாரியத்தில் பொறுப்போடு அதிகாரமும் இருந்தது. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே ஊர் தன் உரிமையைக் கேட்டுப் போராடட்டும். அதற்காகக் கலங்கிவரும் கசிவைப் பார்த்தும் பேசாமல் போவது போராட்டம் ஆகாது.

கடைசியாக, புண்ணியக் கணக்கு. குளம் வெட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. நண்டு வளையை அடைத்த ஏரிக்காவலர், நீர்க்கட்டி, பெயர் எங்கும் இல்லை. உடையாத கரையை யாரும் செய்தியாகப் பேசுவதில்லை. பலனே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையை எந்த ஊக்கத்தில் ஒருவர் செய்வார்? நம் பழைய தானக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்ற கருத்து வரும். பொன்னும் நிலமும் கொடுத்தவர், நூறு வருஷம் கழித்து வரப்போகும் முகம் தெரியாத ஒருவரின் காலைத் தம் தலையில் தாங்குகிறார். அவர் மனத்தில் அரசனோ அதிகாரியோ இருந்திருக்கலாம். ஏரியைப் பொறுத்தவரை அந்தக் கால், மழை இரவில் மண்வெட்டியோடு கரைமேல் நடக்கும் நீர்க்கட்டியின் சேற்றுக்கால்தான்.