வெடியோசைக்கு வேலியில்லை

நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளில், இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் கதைப் புத்தகங்களில் ஓவியம்போற் கண்டோம். ஒரு பக்கம் துப்பாக்கியைத் தோளில் தாங்கிய கனவான் பறவை வேட்டைக்குப் புறப்படுவான். மறுபக்கம் பசும்புல் வெளியில் குதிரை மேயும். இரண்டும் அழகாகவே தோன்றின. இவ்விரண்டும் அடுத்தடுத்த நிலத்தில் அமைந்தால் என்ன நேரும் என்று ஆசிரியர் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. இன்று கேட்போம். அக்கேள்வி குதிரையையும் பறவையையும் மட்டும் பற்றியதன்று. என் உரிமை எங்கே முடிகிறது, அயலானுக்கு நான் செய்யவேண்டிய கடமை எங்கே தொடங்குகிறது என்பதே அதன் உட்பொருள்.

இங்கிலாந்தில் பறவை வேட்டைக்குக் காலவரையறை உண்டு. கௌதாரியைச் செப்டம்பர் 1 முதலும், 'பெசண்ட்' என்னும் நீண்ட வாலுடைய பறவையை அக்டோபர் 1 முதலும் சுடலாம். இரண்டுக்கும் பிப்ரவரி 1 கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமையிலும் கிறிஸ்துமஸ் திருநாளிலும் சுடலாகாதென்று 1831-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் விதித்தது. வேட்டையாடும் முறையையும் அறிதல் வேண்டும். ஒரு கூட்டத்தார் கோல்களைத் தட்டியும் கொடிகளை வீசியும் காட்டையும் புதரையும் கலைத்து வருவர். அஞ்சி எழும் பறவைகள், அப்பால் வரிசையாக நிற்கும் துப்பாக்கிக்காரர்களின் தலைக்கு மேலே பறக்கும். உடனே வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக முழங்கும்.

இனி, வேலிக்கு இப்பால் நிற்கும் குதிரையை நோக்குங்கள். மாட்டுக்குக் கொம்பு உண்டு; புலிக்கு நகம் உண்டு; குதிரைக்கு முதற்காவல் அதன் ஓட்டமே. அதன் கண்கள் தலையின் இரு புறமும் அமைந்து ஏறக்குறையச் சுற்றிலும் காண்கின்றன. காதுகள் தனித்தனியே திரும்பி எத்திசை ஒலியையும் பற்றுகின்றன. திடீரென்று கேட்கும் ஓசை அதற்கு ஆபத்தின் அறிகுறி. அது முதலில் ஓடும். பிறகே திரும்பிப் பார்க்கும். ஓடும் வழியில் கம்பிவேலி குறுக்கிட்டால் அதன் கால் கிழியும். முதுகில் ஒருவர் அமர்ந்திருந்தாலோ, அவர் உயிருக்கே உத்தரவாதமில்லை. துப்பாக்கியைக் காட்டிலும், காலடியிலிருந்து சடசடவென்று கிளம்பும் பறவையும், காட்டிலிருந்து திடீரென வெளிப்படும் கொடியும் குதிரையை அதிகமாக வெருட்டுவதும் உண்டு.

"என் நிலத்தில் நான் சுடுகிறேன், கேட்க நீ யார்?" என்பர் சிலர். இவ்வாதம் இங்கிலாந்தின் நீதிமன்றத்திலேயே ஒருமுறை தோற்றது. 1936-ஆம் ஆண்டில் தீர்ப்பான வெள்ளி நரிப் பண்ணை வழக்கு சட்டம் பயில்வோர் யாவரும் அறிந்ததாகும். குட்டியீனும் பருவத்தில் அந்நரிகள் ஓசைக்கு மிக அஞ்சுபவை. அயல் நிலத்துக்காரர் பண்ணையின்மேல் மனத்தாங்கல் கொண்டு, அப்பருவத்தில் எல்லையோரம் துப்பாக்கி சுடச்செய்தார். சுட்டதென்னவோ தம் சொந்த நிலத்தில்தான். ஆயினும், தீங்கு செய்யும் எண்ணத்தோடு சுட்டது குற்றமே என்று கண்டு, நீதிபதி அதற்குத் தடை விதித்தார். எல்லைக்கல் மனிதனைத் தடுக்கும், ஓசையைத் தடுக்குமோ?

நன்று, தீய எண்ணம் இருந்தால் சட்டம் கேட்கும். தீய எண்ணம் இல்லாமல், வெறும் கவனக்குறைவு இருந்தால்? பெரும்பாலான துப்பாக்கிக்காரர் குதிரையின்மேல் பகை கொண்டவரல்லர்; அதனை நினையாதவர், அவ்வளவே. ஆனால் வெருண்டோடும் குதிரைக்கு, பகைவன் சுட்ட வெடி இது, மறதிக்காரன் சுட்ட வெடி இது என்று பிரித்தறியத் தெரியுமா? இரண்டிலும் அதன் நெஞ்சு ஒரே விதமாகவே துடிக்கிறது. சட்டம் எண்ணத்தை எடைபோடுகிறது. அறமோ, எண்ணாமல் இருந்ததற்கும் கணக்குக் கேட்கிறது.

மறுபக்கத்தின் நியாயத்தையும் மறைத்தல் தகாது. தலைமுறை தலைமுறையாக வேட்டை நடக்கும் நிலத்தருகே புதிதாகக் கொட்டில் கட்டியவர், "இனி ஒரு வெடியும் கேட்கலாகாது" என்று ஆணையிடுவது முறையன்று. குதிரையைப் பழக்கவும் கூடும். போலீஸ் குதிரைகள் கூச்சலுக்கும் வெடிக்கும் நடுவே நிற்கின்றனவே! ஆனால் அப்பழக்கம், தூரத்து ஓசையில் தொடங்கிப் பொறுமையாக, நாட்கணக்கில் ஊட்டப்படுவது. முன்னறிவிப்பின்றி ஒருநாட் காலையில் அடிக்கும் வெடி, பழக்கம் ஆகாது, பயமே ஆகும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே: முன்கூட்டிச் சொல்லுங்கள். வேட்டை நாள் திடீரென முளைப்பதன்று. விருந்தினருக்கு அழைப்புப் போகிறது. பறவை கலைப்போருக்குக் கூலி பேசப்படுகிறது. மதிய உணவுக்கும் ஏற்பாடாகிறது. இத்தனை பேருக்குச் சொல்ல நேரமுள்ளவருக்கு, அயல் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லையா? சொல்லிவிட்டால் குதிரைக்காரர் அன்று குதிரையைத் தொலைவிலுள்ள வயலுக்கு மாற்றுவார். அல்லது கொட்டிலில் துணையோடு கட்டி வைக்கோல் இடுவார். சவாரியை மறுநாளைக்கு ஒத்திவைப்பார். சொல்லியும் அவர் வாளாவிருந்தால், பிறகு பழி அவருடையது. அறிந்தவன் சொல்லக் கடமைப்பட்டவன். கேட்டவன் செய்யக் கடமைப்பட்டவன்.

இதையும் சட்டமாக்கலாமே என்பீர்கள். சட்டம் ஓரளவே நடக்கும். வண்டிகள் செல்லும் சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, வழிச்செல்வோருக்கு இடையூறோ ஆபத்தோ விளைத்தால் குற்றம் என்கிறது அந்நாட்டின் 1980-ஆம் ஆண்டுச் சாலைச் சட்டம். 51-ஆவது அடியில் நிற்பவனை எது தடுக்கும்? அவன் மனச்சாட்சிதான்.

"குதிரைக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறீரே, சுடப்படும் பறவைக்கு யார் பேசுவார்?" என்று வாசகர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. கொல்வதைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா என்பது பெரிய வழக்கு. நம் உள்ளம் பறவையின் பக்கமே. ஆயினும் பெரிய வழக்குத் தீரும்வரை சிறிய கடமையைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை. பேசாப் பிராணி ஒன்றின் அச்சத்தை மதிக்கக் கற்ற மனிதன், நாளை மற்றொன்றின் உயிரையும் மதிக்கக் கற்பான். இரக்கம் ஒரே நாளில் முற்றும் விளைவதன்று.

நம்மில் குதிரை வைத்திருப்போர் அரியர். வேட்டை நிலம் உடையோர் அதனினும் அரியர். ஆனால் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழாதவர் யார்? உரிமை கேட்கும்போது நாம் எல்லைக்கல்லைக் காட்டுகிறோம். கடமை கேட்கும்போதும் அக்கல்லையே காட்டினால், நாம் அண்டை வீட்டாராக இருப்போம். அண்டை மனிதராக இரோம்.