தெரியாமை என்கிற தள்ளுபடி

'மலிவு' என்ற சொல்லின் வேர் மலிதல். மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். சந்தையில் தக்காளி மலிந்தால் விலை இறங்குகிறது. விளைவித்தவருக்கு அது நட்டம்தான், ஆனால் விலை ஏன் இறங்கியது என்று அவருக்கும் தெரியும். அரிதான பொருளும் சில நேரங்களில் மலிவாகக் கிடைக்கிறது. அங்கே மலிந்திருப்பது பொருள் அல்ல, விற்பவரின் தெரியாமை. அந்தத் தெரியாமையிலிருந்து நான் லாபம் பார்க்கலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவள் அமெரிக்காவில் படிக்கும் என் தங்கை மகள். கிதார் வாசிப்பவள்.

மின்கிதாரின் தந்தி எழுப்பும் ஒலி மிக மெல்லியது. அதைப் பெருக்கிக் காட்ட ஆம்ப்ளிஃபயர் வேண்டும். 1950-களில் வந்த ஆம்ப்கள், நம் தாத்தா வீட்டு ரேடியோவைப் போல, வால்வில் ஓடியவை. டிரான்சிஸ்டர் வந்து ரேடியோவிலிருந்து வால்வை விரட்டிய பிறகும் கிதார்காரர்கள் அதைக் கைவிடவில்லை. சத்தத்தைக் கூட்டக் கூட வால்வு ஒலியை ஒருவித இதமான கரகரப்புடன் உடைக்கிறது. அந்த உடைவுதான் அவர்களுக்கு இசை. ஆகவே பழைய ஆம்ப்களுக்குக் கடும் விலை. மாணவிக்கு எட்டும் வழிகள் சிலவே. சியர்ஸ் நிறுவனம் தபால் பட்டியல் வழியாக 'சில்வர்டோன்' என்ற பெயரில் விற்ற எளிய ஆம்ப்கள் ஒரு வழி. 1965-இல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கிய பிறகு வந்தவை இன்னொரு வழி. சேகரிப்பாளர்களின் மோகம் அதற்கு முந்தியவற்றின் மீதுதான். மூன்றாவது வழியை 'அதிர்ஷ்டம்' என்கிறார்கள்.

அதிர்ஷ்டக் கதைகளில் அடிக்கடி ஒரு பெண் வருவாள். கணவர் இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்ய வேண்டும், வாசலில் பொருட்களைப் பரப்பியிருக்கிறாள். மூலையில் தூசி படிந்த ஆம்ப். சொற்பத் தொகை சொல்கிறாள். வாங்குகிறவன் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏற்றுகிறான். கதை அங்கே முடிகிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருப்பதில்லை.

இந்த உலகத்தில் வேறொரு பெண்ணும் உண்டு. அந்தக் காலத்து மிக மலிவான சில ஆம்ப்களில் செலவைக் குறைக்க பவர் டிரான்ஸ்ஃபார்மரே வைக்கவில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் வாசிப்பவர் விரல் படும் தந்திக்கும் இடையே போதுமான தடுப்பு இல்லை. பாகம் ஒன்று பழுதானால் தொடுகிறவருக்கு உயிராபத்து. இவற்றுக்குக் கிதார்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'விதவையாக்கி'. வாசிப்பவன் ஆண், வீட்டில் இருப்பவள் மனைவி என்பது அந்தப் பெயருக்குள்ளேயே எழுதியிருக்கிறது. வாசிக்கிற பெண்ணுக்கு மின்சாரம் பாய்ந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்களோ.

மூன்றாவது பெண்ணைப் பார்க்க ஆம்பைத் திறக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் இருந்த ஃபெண்டர் தொழிற்சாலையில், 1950-களில் கம்பிகளைப் பற்றவைத்தவர்களில் பலர் பெண்கள். அவர்களில் பலர் மெக்சிக வழி வந்தவர்கள். உட்புறத்தில் ஒட்டிய சிறு காகித நாடாவில் 'லிலி', 'லூப்பே' என்று பெயர் எழுதி வைத்திருப்பார்கள். இன்று அந்த நாடா கிழியாமல் இருந்தால் சேகரிப்பாளருக்குக் கொண்டாட்டம், அது அசலுக்குச் சாட்சி. அந்த மறுவிற்பனையில் லிலிக்கோ லூப்பேக்கோ பங்கு இல்லை.

மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியாமை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. பெண் கை பற்றவைத்த பொருளின் மதிப்பு பெண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அது அவளுடைய மந்தம் அல்ல. பொருளைச் செய்ய அவள் வேண்டும். அதைப் பற்றிய பேச்சில் அவள் வேண்டாம் என்று வைத்திருந்தார்கள்.

மேற்கில் இந்த வழக்கு மிகப் பழையது. கி.மு. 44-இல் சிசெரோ தன் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் அது வருகிறது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். சொல்ல வேண்டுமா? பாபிலோனின் டயோஜீனஸ் தேவையில்லை என்கிறார். ஆன்டிபேட்டர் மறைக்கக் கூடாது என்கிறார். வாங்குபவர் பக்கத்துக்கும் சிசெரோ ஓர் உதாரணம் தருகிறார். ஸ்கேவோலா என்பவர் நிலம் வாங்கப் போனார். விற்பவர் விலை சொன்னதும், 'இது அதைவிட மதிப்புள்ளது' என்று 1,00,000 செஸ்டெர்ஸ் கூட்டிக் கொடுத்தார். நம் பட்டினப்பாலையும், அளவுக்கு மேல் வாங்காத, குறைத்துக் கொடுக்காத வணிகர்களைக் காவிரிப்பூம்பட்டினத்தில் காட்டுகிறது. எனக்கு உறுத்துவது ஒன்று: இந்த வழக்குகளில் இரு பக்கமும் ஆண்கள். ஒருவருக்கு இன்று தெரியாதது நாளை தெரிந்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தெரியவிடாமல் வைக்கப்பட்டவரிடம் வாங்குவது அதே வழக்கு அல்ல.

தங்கை மகள் தொலைபேசியில் கேட்டது இதைத்தான். ஒரு முதிய பெண்மணி சிறிய ஃபெண்டர் சாம்ப் ஒன்றுக்கு 50 டாலர் சொல்லியிருக்கிறார். உண்மை விலை பல மடங்கு. "பெரியம்மா, வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டா அது திருட்டா? ரெண்டு வருஷமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த உழைப்புக்கு மதிப்பில்லையா?"

நியாயமான கேள்வி. உழைப்பை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். காய்ந்துபோன கெபாசிட்டரை மாற்றவும், அணைத்த பிறகும் அதில் தங்கியிருக்கும் மின்சாரத்தைப் பாதுகாப்பாக வடிக்கவும் அவள் கற்றிருக்கிறாள். பழுதான ஆம்பை வாங்கிச் சரிசெய்தால் கூடுகிற மதிப்பு அவளுடையது. விலையை அறிந்திருப்பது அப்படியல்ல. அந்த மதிப்பு அவள் வருவதற்கு முன்பே அந்த வாசலில், அந்தப் பெண்மணியின் கையில் இருந்தது.

"பாவம்னு சொல்லச் சொல்றீங்களா?" என்றாள். இல்லை. இரக்கமும் ஒருவரைச் சிறுமைப்படுத்தும் வழிதான். விலையை நாமே கூட்டிக் கொடுப்பதிலும் அந்தச் சிறுமை ஒட்டிக்கொள்ளக் கூடும். தெரிந்ததைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுவது மரியாதை.

அவள் சொன்னாள். பெண்மணி யோசித்து 300 டாலர் என்றார், இரண்டு தவணையில் தரலாம் என்றார். சந்தை விலையைவிட அதுவும் குறைவுதான். வாசிக்கிற பெண் கைக்குப் போகட்டும் என்று தெரிந்தே குறைத்தார். அவளுக்கோ 250 டாலர் நட்டம், இரண்டு மாதம் கையைக் கடித்தது. அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

இரண்டுமே மலிவு விலைதான். தெரிந்து குறைத்தால் அது கொடை, கொடுத்தவருக்கு அதில் ஒரு பெயர் உண்டு. தெரியாமல் குறைந்தால் அது பறிபோனது. நம் கைக்கு மலிவாக வரும் எதையும், அது சேலையோ நகையோ நிலமோ, விற்பவருக்கு நமக்குத் தெரிந்தது அத்தனையும் தெரிந்திருந்தால் இந்த விலைக்குக் கொடுப்பாரா என்று கேட்டுவிட்டு வாங்கலாம். கொடுக்க மாட்டார் என்று தோன்றினால், வாயைத் திறப்பதுதான் அந்தப் பொருளின் மீதி விலை.