சாம்பலின் விலை

இறந்தோரின் சாம்பலை வைரமாக்கும் தொழில் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் சுவிற்சர்லாந்திலும் தோன்றியது. வைரம் காபனே என்பதைச் சிமித்சன் தெனன்ற் எனும் ஆங்கில இரசாயனவியலாளர் 1797இல் நிறுவினார். அக்காபனை ஏறத்தாழ 50,000 வளிமண்டல அமுக்கத்தில், 1,300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில், உருகிய உலோகத்தினூடாக வளர்த்தால் வைரம் விளையும். ஆயின் சாம்பலிற் பெரும்பகுதி எலும்பின் கல்சியம் பொசுபேற்றே. உடலிலிருந்த காபனிற் பெரும்பங்கு தீயிலே காபனீரொட்சைட்டாகி வானிற் கலந்துவிடுகிறது. 'இவ்வைரம் அவரே' எனும் கூற்று, ஆகவே, விஞ்ஞான நோக்கில் மிகைக்கூற்றே. துயருற்றவரிடம் அதனை எடுத்துரைப்பார் எவருமிலர்.

உண்மையான வினா உரிமை பற்றியது. மெக்சிக்கோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பரகான் 1988இல் மறைந்தார். அவருடைய தொழில்சார் ஆவணங்கள் 1995இல் விலைக்கு வாங்கப்பட்டுச் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்தன. 2015இல் ஜில் மகிட் எனும் அமெரிக்கக் கலைஞர், பரகான் குடும்பத்தாரின் இசைவுடன், குவாதலஹாரா நகரிலிருந்த தாழியினின்றும் 525 கிராம் சாம்பலை எடுப்பித்தார். அதே நிறையுடைய வெள்ளிக் குதிரையொன்று தாழியுள் வைக்கப்பட்டது. சாம்பல் 2.02 கரற்று வைரமாகி மோதிரமொன்றிற் பதிந்தது. ஆவணங்கள் தாயகம் மீளுமாயின் மோதிரம் தங்களுடையது என, ஆவணப் பொறுப்பாளர் பெடரிக்கா சான்கோவிடம் 2016இல் அது நீட்டப்பட்டது. அவர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. மெக்சிக்கோவிற் கண்டனக் குரல்கள் எழுந்தன.

குடும்பத்தாரின் இசைவு போதுமா? இறந்தவருக்கு உணர்வில்லை, ஆதலின் தீங்கும் இல்லை என்பது எப்பிக்கூரசு வழிவந்த விடை. அது முற்றிலும் உண்மையாயின், இறக்குந் தறுவாயில் ஒருவருக்கு அளித்த வாக்கும் அவர் எழுதிய மரணசாதனமும் பொருளற்றவையாகும். எவரும் அவ்வாறு கருதி வாழ்வதில்லை. சுற்றத்தாருக்கு உள்ளது காவலுரிமை, உடைமையுரிமை அன்று. 1832இல் மறைந்த யெரமி பெந்தம் தமது எலும்புக்கூட்டை ஆடை உடுத்தி அமர்த்துமாறு தாமே பணித்துச் சென்றார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் அது அமர்ந்திருக்கிறது. காண்போர் நகைக்கலாம். ஆயினும் பெந்தம் இழிவுபடுத்தப்பட்டார் எனல் பொருந்தாது. பரகானின் சாம்பலுக்கோ அத்தகைய பணிப்புரை எதுவும் ஆதாரமாகக் காட்டப்படவில்லை.

விலையுள்ள பொருளுக்கு ஈடு வைக்கலாம், மாண்புடையதற்கு ஈடில்லை என 1785இல் இமானுவல் கான்ற் வகுத்த வேறுபாடு இங்கு நேரே பொருந்துகிறது. சாம்பல், மோதிரமான கணத்திலன்றி, ஆவணங்களுக்கு ஈடாக நீட்டப்பட்ட கணத்திலேதான் விலைப்பொருளாயிற்று. ஆயினும் கண்டித்தோரும் ஒரு வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். ஒரு மனிதனின் வாழ்நாட் சிந்தனை பொதிந்த வரைபடங்கள் விலைபோகுங்கால் அதனைச் சாதாரண வாணிபமென ஏற்கும் உலகு, அரைக்கிலோச் சாம்பல் கைமாறுமிடத்து ஏன் அதிர்கிறது? பரகான் தம்மை எதில் விட்டுச்சென்றார், பொசுபேற்றிலா, அவ்வரைகோடுகளிலா?

கணவனின் சாம்பலை விரலில் அணியும் கைம்பெண்ணின் நிலை வேறு. அவள் அதனை எதற்கும் ஈடு வைப்பதில்லை. அவளை அறிந்தோரும் மறைந்தபின் அம்மோதிரம் யாரோ ஒருவரின் அடகுக்கடைத் தராசில் ஏறக்கூடும். அங்கே அதன் கரற்று நிறுக்கப்படும். அது எவருடைய சாம்பல் என்பதைக் கூறவல்ல கருவி எதுவுமில்லை.