இடப்பெயர்ச்சியும் அளவறிதலும்

மனிதன் இடம்விட்டு இடம் பெயர்வது உலகில் புதிதன்று. ஆயினும், எதன்பொருட்டுப் பெயர்கிறோம் என்பது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய ஒன்றாகும். அமெரிக்க நாட்டில் நிகழ்ந்துவரும் ஒரு நகர்வு இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ முதலிய பெருநகரங்களில் வீட்டு வாடகை, எளியோர் தாங்கவொண்ணா அளவுக்கு உயர்ந்தது. ஆகவே பலர் டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, ஐடஹோ போன்ற, செலவு குறைந்த மாநிலங்களை நாடினர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விளைவாகக் கலிபோர்னியா தன் வரலாற்றில் முதன்முறையாக நாடாளுமன்றக் கீழவையில் ஓரிடத்தை இழந்தது. டெக்சாஸ் இரண்டிடங்களைக் கூடுதலாகப் பெற்றது. அவ்வாண்டின் பெருந்தொற்றால் வீட்டிலிருந்தே பணிபுரியும் வழக்கம் பரவவே, வெளியேறுவோர் தொகை மேலும் பெருகியது.

இது மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கு இசைந்ததா, மாறானதா? வாடகை கொடுக்க வழியின்றி ஊர் நீங்கிய குடும்பத்தின்மேல் நாம் குறை காண்பது அறமாகாது. பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தேடுவது இல்லறத்தார் கடமையே. ஆனால், நகரத்துச் சிறு வீட்டை விற்ற தொகைகொண்டு அதனினும் பன்மடங்கு பெரிய மனையை வாங்குபவர் நிலை வேறு. அவருக்கு விலை குறைந்தது, வேட்கை குறையவில்லை. பற்று அதே பற்றுதான். அது குடியிருக்கும் ஊர்தான் மாறிற்று.

மேலும், ஒருவர்க்கு மலிவானது மற்றொருவர்க்கு அரிதாகிவிடுவதையும் காண்கிறோம். டெக்சாசின் ஆஸ்டின், ஐடஹோவின் பாய்சி ஆகிய நகரங்களில், வெளியிலிருந்து வந்தோர் கைப்பொருளால் வீட்டு விலைகள் கடுமையாக ஏறின. அவ்வூர்களிலேயே பிறந்து வளர்ந்தோர் பலர் சொந்த வீட்டுக் கனவைக் கைவிட நேர்ந்தது. பாலைநிலமாகிய அரிசோனாவிலோ, பீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டுமே நம்பி அமையும் புதிய குடியிருப்புகளுக்கு ஒப்புதல் வழங்குவதை 2023ஆம் ஆண்டு அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. நீரையே உயிருடையதாகக் கருதும் நாம் இச்செய்தியை எளிதில் கடந்து செல்லலாகாது.

ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டகம், இல்லறத்தார்க்குத் திக்விரதத்தை விதிக்கிறது. கடல், ஆறு, காடு, மலை முதலியவற்றை எல்லையாக வகுத்து, அதற்கப்பால் செல்வதில்லை என வாழ்நாள் முழுமைக்கும் உறுதி பூணுவதே அது. எல்லைக்கு வெளியே அவரது ஆசையும் செல்லாது. அவரால் அங்குள்ள உயிர்களுக்குத் தீங்கும் நேராது. திசைக்கும் அளவு வேண்டும் என்று கண்ட முன்னோரின் நுண்ணறிவை என்னென்பது!

இதனால் இடம் பெயர்தலே குற்றமென்று கொள்ளலாகாது. பன்னீராண்டுப் பஞ்சத்தின்போது பத்திரபாகு முனிவர் தலைமையில் துறவோர் சங்கம் தென்னாடு நோக்கி வந்தது என்பது நம் மரபு. வளம் சேர்ப்பதற்காக அவர்கள் வரவில்லை; பஞ்சத்தால் துறவொழுக்கம் குலையாது காக்கவே வந்தனர்.

இவ்வினா அமெரிக்கர்க்கு மட்டும் உரியதன்று. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களிலிருந்து கல்வியும் பணியும் நாடிச் சென்னைக்கு வந்த குடும்பங்கள் நம்முள் பல. சென்னையின் செலவு கண்டு, ஓய்வுக்காலத்தில் ஊர் திரும்ப எண்ணுவோரும் உளர். அவர்கள் திரும்புவது நன்று. பூட்டிக்கிடக்கும் வீட்டில் விளக்கு ஏறும். ஊர் ஜிநாலயத்தில் நாள்பூசைக்கு நான்கு பேர் கூடுவர். ஆனால் திரும்புபவர், மலிவாகக் கிடைக்கிறதென்று மனைமேல் மனை வாங்கிக் குவித்தால், உழுது வாழ்பவர்க்கு நிலம் எங்கே எஞ்சும்?

எனவே, புறப்படுமுன் நமக்கு எவ்வளவு போதும் என்பதை வகுத்துக்கொள்வோம். நம் வரவால் அங்கிருப்பவர் எதையும் இழக்க நேருமோ என்றும் எண்ணிப் பார்ப்போம். எஞ்சும் பொருளை உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய தானங்களில் செலுத்துவோம். அளவறிந்து வாழ்பவர்க்கு எவ்வூரும் நல்லூரே. அளவறியாதார்க்கு எவ்வூரும் போதாது.

அறம் வெல்க!