சேர்ந்திருக்க ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் சென்னையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: எங்கே போகலாம்? பிள்ளைகள் பீச் என்பார்கள். பாட்டி கோயில் என்பார். பக்கத்துப் பூங்காவே போதும், நாளைக்கு ஸ்கூல் இருக்கிறது என்று அம்மா சொல்வார். இந்தப் பேச்சு நடக்கிற வீடு கொடுத்துவைத்த வீடு. எங்கே போவது என்று பேசுவதற்கு முதலில் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும். அப்படி எல்லோரும் ஒன்றாக இருக்கிற நாள் வாய்க்காத குடும்பங்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கின்றன. நாம் அதை அவரவர் வீட்டுப் பிரச்சினையாக நினைத்துக் கடந்துபோகிறோம். இது ஊர் முழுவதும் சேர்ந்து யோசிக்க வேண்டிய பிரச்சினை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். சென்னையின் எந்தத் தெருவிலும் இதைப் போல ஒன்று இருக்கும். அம்மா தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸில் இருக்கிறார். ஞாயிறுதான் கடைக்குக் கூட்டம், அன்றைக்கு லீவு கேட்க வாய் வராது. அவருக்கு வீக்லி ஆஃப் செவ்வாய். அப்பா பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. மாற்று ஆள் வந்தால்தான் அவர் டூட்டி முடிந்து கிளம்ப முடியும். மூத்த மகன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஞாயிறு மதியமும் இரவும்தான் ஆர்டர் குவியும் நேரம், வண்டியை நிறுத்தினால் அன்றைய வருமானம் போய்விடும். சின்னவள் எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு அவளுக்கு மட்டும்தான். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு, அம்மா வர இரவு பத்து மணி ஆகும் என்று தெரிந்தும் காத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு லீவு. அன்றைக்கு மகளுக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கு ஒரு நாள் மட்டம் போட்டுவிட்டு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகலாமென்றால், அதற்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வார விடுமுறை செவ்வாய்தான். வெள்ளிக்கிழமை லீவு கிடைப்பவருக்கு எழும்பூர் அருங்காட்சியகம் மூடியிருக்கும். அந்தந்த இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு இது, அதில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் என்று ஓய்வைப் பங்கு போட்டால் ஒரு குடும்பம் சேர்ந்து வாசல் தாண்டுவது எவ்வளவு அரிதாகிவிடும் என்பதை இது காட்டுகிறது. அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் எப்போதாவது ஓய்வு கிடைக்கிறது. நால்வருக்கும் சேர்ந்து ஒரு நாள் கிடைப்பதில்லை.

வார விடுமுறையை இந்த நாட்டில் யாரும் மனமிரங்கிக் கொடுத்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே 1884 முதல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1890 ஜூன் 10 அன்றுதான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். அடுத்த ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம்பெற்றது. சென்னைக்கும் இந்த வரலாற்றில் பெரிய பங்கு உண்டு. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் துயரத்திலிருந்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்வரிசையில் நின்றார்கள். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்த ஊரில்தான். அதன் கூட்டங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது. இன்று குடும்பங்கள் காற்று வாங்க உட்காருகிற அதே மணல். 1959 முதல் அங்கே உழைப்பாளர் சிலை நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த நான்கு பேரும் பாறையை நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் காலடியில் உட்கார்ந்து சுண்டல் தின்கிற மாலைப் பொழுது அப்படிப்பட்ட உழைப்பாளிகள் கேட்டு வாங்கித் தந்தது.

பிறகு வந்த சட்டங்களிலும் அந்தக் கோரிக்கையின் சாரம் இருந்தது. சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடை வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்றது. விடுமுறை கடைக்கே. கதவு மூடியிருந்தால் முதலாளி, கணக்குப்பிள்ளை, பொட்டலம் கட்டும் பையன் எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு. 2019இல் தமிழ்நாடு அரசு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அனுமதித்தது. 2022இல் அந்த அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று அரசு நிபந்தனையும் போட்டது. எண்ணிக்கையில் எதுவும் குறையவில்லை, வாரம் ஒரு நாள் என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த நாள் இப்போது தனி ஆளுக்கு உரியதாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாத நாளில், சொந்தப் பிள்ளை பள்ளியில் இருக்கும் நாளில் வருகிற ஓய்வு அது. உடம்பு அலுப்பு தீரத் தூங்கலாம், துணி துவைக்கலாம், ரேஷன் கடைக்குப் போய் வரலாம். உறவு வளர்க்க அந்த நாள் உதவாது.

இதை ஒரு நாடே சோதித்துப் பார்த்திருக்கிறது. சோவியத் யூனியனில் 1929இல் ஞாயிற்றுக்கிழமையை ஒழித்துவிட்டு ஐந்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்துப் பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு நாள். இயந்திரம் ஒரு நாளும் நிற்காது, தொழிலாளிக்கும் முன்னைவிட அடிக்கடி ஓய்வு கிடைக்கும் என்பது கணக்கு. கணவன் ஒரு நிறம், மனைவி வேறு நிறம், பிள்ளையின் பள்ளி இன்னொரு நிறம் என்று ஆனபோது மனிதர்கள் முறையிட்டார்கள். யாரும் உடனில்லாமல் தனியே கழிக்கிற நாள் விடுமுறையாகுமா என்று கேட்டார்கள். 1931இலேயே எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பின. ஓய்வு அடிக்கடி கிடைத்தால் மட்டும் போதாது, அது உறவினர்களோடும் நண்பர்களோடும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதை அந்த மக்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பாடம் நமக்கும் பயன்படும்.

எல்லோருக்கும் ஞாயிறு லீவு உள்ள வீட்டிலும் ஒருவருக்கு லீவு கிடைப்பதில்லை. 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் சம்பளமில்லாத அந்த வேலையில் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு இது 97 நிமிடமாக இருந்தது. ஞாயிறு வந்தால் பெண்ணின் கணக்கு கூடுகிறது. கறிக்குழம்பு, வாரம் முழுதுக்கும் இட்லி மாவு, பிள்ளைகளின் யூனிஃபார்ம். வெளியே கிளம்புவதென்றால் புளியோதரை கிளறி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, குழந்தைக்கு மாற்றுத்துணி எடுத்து, விரிக்க ஒரு பழைய புடவையையும் மறக்காமல் பையில் வைப்பவர் அவர்தான். திரும்பி வந்ததும் மணல் ஒட்டிய துணிகளை அலசுபவரும் அவர்தான். குடும்பம் சேர்ந்து போன ஊர்சுற்றலில் ஒருவர் மட்டும் அன்றைக்கும் டூட்டியில் இருந்திருக்கிறார். கடை முதலாளியிடம் நாம் என்ன கேட்கிறோமோ அதை நம் வீட்டுச் சமையலறைக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும். வீட்டு ஆண்கள் அரிசி களைந்து, பை கட்டி, பாத்திரம் தேய்த்தால்தான் ஞாயிறு அந்த வீட்டில் எல்லோருக்கும் ஞாயிறாகும்.

நேரம் கிடைத்த பிறகு இடம் வேண்டும். பையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாமல் உட்காரக்கூடிய இடம். மால்களிலும் மக்கள் மகிழ்ச்சியாகத்தான் சுற்றுகிறார்கள், சித்திரை வெயிலில் அந்தக் குளிர் யாருக்கும் பிடிக்கும். ஆனால் நால்வர் அங்கே சினிமா பார்த்து ஆளுக்கொன்று வாங்கிச் சாப்பிட்டு வந்தால் செக்யூரிட்டி வேலைக்காரரின் சில நாள் சம்பளம் தீர்ந்துபோகும். மெரினாவில் அந்தப் பயம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவர்னர் கிராண்ட் டஃப் அமைத்த நடைபாதை துரைமார் காற்று வாங்குவதற்கென்று தொடங்கியது, காலப்போக்கில் ஊரே அதைத் தனதாக்கிக்கொண்டது. மாங்காய்ப் பத்தை வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். குடைராட்டினத்தில் ஏறலாம், ஏறாமல் வேடிக்கையும் பார்க்கலாம். எழுந்து போ என்று சொல்ல யாருமில்லை. 2022இல் மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியில் அலை வரை போக மரப் பாதை அமைத்தார்கள். சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சீர்செய்தார்கள். முதன்முதலாகக் கடல் நீரைக் காலில் தொட்டுப் பார்த்தவர்களின் முகத்தைப் பார்த்தால், பொது இடத்துக்குச் செலவிடும் காசு எதற்கு என்ற கேள்வி எழாது.

இடம் இருந்தாலும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது மாதச் செலவில் மிச்சம். அதோடு, பேருந்துக் காசுக்காக வீட்டிலேயே இருந்துவிட்ட எத்தனையோ பெண்களுக்கு மாலையில் பிள்ளைகளோடு கிளம்பும் துணிச்சலையும் அது கொடுத்திருக்கிறது. மறுபக்கம், ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவான எண்ணிக்கையில் ஓடுகின்றன. அலுவலகக் கூட்டத்தை வைத்துப் போட்ட கால அட்டவணை அது. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்குக் கடற்கரை தூரமாகிவிட்டது. நடந்தே போய்வந்த இடத்துக்கு இப்போது பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறது. வீடு கொடுத்தோம் என்று கணக்கு எழுதும்போது, அவர்கள் இழந்த மாலைப் பொழுதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த ஊருக்குச் சேர்ந்திருப்பதில் எவ்வளவு பசி இருக்கிறது என்பதைக் காணும் பொங்கலன்று பார்க்கலாம். வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு, செங்கல்பட்டு என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக மெரினாவுக்கு வருகிறார்கள். கட்டுச்சோறும் கரும்புமாகச் சின்னம்மா, பெரியப்பா, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வட்டமாக உட்காருகிறார்கள். குழந்தைகள் தொலைந்துபோகாமலிருக்கக் காவலர்கள் அவர்கள் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டை கட்டுகிறார்கள், யாரும் கடலில் இறங்காமல் தடுப்புக் கட்டி நிற்கிறார்கள். மறுநாள் அந்தக் கூட்டத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் குப்பையும் நெரிசலும்தான். ஆண்டு முழுவதும் கிடைக்காத ஒன்று ஒரே நாளில் கிடைப்பதால் வருகிற நெரிசல் அது. மாதத்துக்கு ஒரு முறை கிடைத்திருந்தால் அவர்கள் அந்த ஒரு நாளுக்காக இத்தனை ஆவலாய்க் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் ஞாயிறு விடுமுறை என்பது நடக்காது என்று சொல்வார்கள், அது உண்மைதான். மருத்துவமனையில் நர்ஸ் இருக்க வேண்டும், பஸ்ஸை யாராவது ஓட்ட வேண்டும், அந்தக் கடற்கரையில் காவலர் நிற்க வேண்டும். அந்தக் காவலர்களுக்கே வார ஓய்வு தருவதற்கான அரசாணை தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. இன்றியமையாத வேலைகளை யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஞாயிறன்று இரவு பத்து மணிக்குப் புடவை வாங்குவது இன்றியமையாதது என்று யாரும் மனதாரச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிற நாமும் இதில் பொறுப்பாளிகள். நமக்குச் சனிக்கிழமை வாங்கக்கூடிய பொருள் இருந்தால், ஞாயிறு இரவைக் கடையில் நிற்கிற பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

சுழற்சி விடுமுறை பெறும் ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது கட்டாயம் என்று சட்டம் சொல்லலாம். கணவனும் மனைவியும் வேறு வேறு இடத்தில் வேலை செய்தால், ஒருவரின் விடுமுறையை மற்றவரின் விடுமுறையோடு சேர்த்துக் கேட்க உரிமை தரலாம். ஞாயிறு மாலையில் கடற்கரைக்கும் பூங்காக்களுக்கும் ரயிலும் பேருந்தும் கூடுதலாக விடலாம். மறுகுடியமர்வுப் பகுதி ஒவ்வொன்றிலும் நிழலும் விளக்கும் கழிப்பறையும் உள்ள ஒரு திடல் அமைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. குடும்பம் சேர்ந்து பொழுது கழிப்பது ஆடம்பரம் என்ற நினைப்பு மாறினால் போதும். பிள்ளை என்ன பாடம் கற்கிறது, முதியவர் எதற்குக் கலங்குகிறார், மகன் ஏன் பேசாமல் இருக்கிறான் என்பதெல்லாம் அவசரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவை வெளியே வரும். அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் எல்லோருக்கும் ஒன்றாக வர வேண்டும். நூறாண்டுக்கு முன்பு இந்த ஊர் வேலை நேரத்துக்கு ஓர் எல்லை கேட்டது. குடும்பம் சேர்ந்திருக்க ஒரு நாள் கேட்பது இன்று நம் பொறுப்பு.