அறியாது செய்த தீங்கும் அறிய மறுத்த தீங்கும்

தீங்கு செய்யும் எண்ணம் சிறிதும் இல்லாதவர் கையால் ஓருயிர் மாயுமானால், அவரைக் குற்றமுடையவர் என்று கூறலாமா? அறநெறி ஆராய்வோர் நெடுங்காலமாகச் சிந்தித்து வரும் வினா இது. மருத்துவ வரலாற்று நிகழ்ச்சி ஒன்று இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னாவின் பொது மருத்துவமனையில் அந்நாளில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவில் மகப்பேற்றுக்கு வந்த தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. மகப்பேற்றுக் காய்ச்சலே இவ்விறப்புகளுக்குப் பெருங்காரணம். இவ்வேறுபாடு ஏன் என்னும் கேள்வி, அங்குப் பணிபுரிந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு மருத்துவரை ஓயாது வருத்தியது.

1847இல் அவருடைய நண்பர் பேராசிரியர் கொல்லெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவருடலில் கண்ட மாறுதல்கள், இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் மருத்துவர்களின் கைகளே தாய்மாருக்கு எமனாகின்றன என்பதைச் செம்மல்வைஸ் உணர்ந்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என விதித்தார். 1848இல் முதற் பிரிவில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவைக்கூட எட்டவில்லை.

அக்கைகளுள் தம் கைகளும் அடங்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. 1861இல் வெளியிட்ட நூலில் வெளிப்படையாகவே எழுதினார். ஆயினும் மருத்துவப் பெருமக்கள் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. 1865இல், காயத்தில் பற்றிய தொற்று உடலெங்கும் பரவி, மனநோய் விடுதி ஒன்றில் தம் 47ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

உண்மை தெரியுமுன் கை கழுவாதவரும், தெரிந்தபின் கழுவ மறுத்தவரும் ஒரே தரத்தினர் ஆவரோ? கொல்லும் எண்ணம் இருவரிடமும் இல்லை. ஆனால் முன்னவரிடம் இருந்தது அறியாமை. பின்னவரிடம் இருந்தது செருக்கு. கருத்தின்மையால் நேரும் உயிர்க்கேடும் இம்சையே என்பதை நாம் அறிவோம். அறிய வாய்ப்பிருந்தும் அறிய மறுப்பது அக்கருத்தின்மையுள் கொடியது.

இது நம் இல்லங்களுக்கும் பொருந்தும். தொற்றை எதிர்த்து எழும் உடலின் ஆற்றல் கட்டுமீறி, தன் உறுப்புகளையே சிதைக்கும் நிலையை மருத்துவர் செப்சிஸ் என்பர். 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் இதன் தொடர்பாக இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆறாத புண், நுரையீரல் தொற்று, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றிலிருந்தும் இது தோன்றலாம். காய்ச்சல் அல்லது நடுக்கத்தோடு மூச்சு விரைதல், நினைவு தடுமாறுதல், சிறுநீர் குறைதல், தோல் வெளிறிக் குளிர்தல் ஆகியவை காணப்பட்டால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. முதியோருக்குக் காய்ச்சல் இன்றியும் இது வரக்கூடும். நோயுற்ற பெற்றோர் அருகிருந்து, "விடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்பவர் அன்பில்லாதவர் அல்லர். ஆனால், இவ்வறிகுறிகளை அறிந்த பின்னும் அவ்வாறு சொல்வாராயின், கை கழுவ மறுத்தவர் வரிசையிலேயே அவரும் நிற்கிறார்.

அன்பு இருந்தால் மட்டும் போதாது. அது விழிப்போடும் இருத்தல் வேண்டும்.